கை சேரும் இடம்

குரங்கு பெடல் அடிக்காமல் சைக்கிள் கற்றுக்கொண்ட தலைமுறை தமிழ்நாட்டில் அண்மையில்தான் வந்தது. அதற்கு முன்பு வீட்டில் இருந்தது அப்பாவின் 24 இஞ்ச் சைக்கிள். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பிள்ளைகள் சீட்டையே மறந்துவிட்டு, பாருக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, அரை வட்டம் அரை வட்டமாக மிதித்துத் தெருமுனை வரை போய்வந்தார்கள். மனித உடம்பு எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த விட்டுக்கொடுப்பு பத்து நிமிடத்துக்கு உரியது. ரோடு பைக் ஓட்டுகிறவர் நிமிடத்துக்குச் சுமார் 90 முறை மிதிக்கிறார். ஒரு மணி நேரத்தில் 5,400 சுற்று. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் ஓட்டினால் 16,200. ஒரு சுற்றில் முழங்கால் சற்றே கோணலாக மடங்கினால் ஒன்றும் ஆகாது. பதினாறாயிரம் முறை அதே கோணலில் மடங்கினால் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும். முதுகும் கழுத்தும் உள்ளங்கையும் இப்படித்தான். பொருந்தாத சைக்கிள் உடம்பை ஒரே அடியில் காயப்படுத்துவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறது.

பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்கள் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்ற இரண்டு ஃபிரேம் அளவுகளை வைத்துக்கொண்டே ஊர் முழுவதையும் சுமந்தன. பால்காரரும் தபால்காரரும் ஆசிரியரும் அதே இரண்டு அளவில் ஏறிப் போனார்கள். அது முடிந்ததற்குக் காரணம், ரோட்ஸ்டரில் முதுகு நிமிர்ந்திருக்கும். உடம்பின் எடை பெரும்பாலும் சீட்டில் இறங்கும். கைக்கு வேலை திசை காட்டுவது மட்டுமே. ஹேண்டில் நான்கு விரற்கடை தள்ளி இருந்தாலும் முழங்கை சற்று நீளும், அவ்வளவுதான். ரோடு பைக்கில் முதுகு முன்னால் சாய்கிறது. எடை சீட்டு, பெடல், ஹேண்டில் ஆகிய மூன்று இடங்களுக்குப் பிரிகிறது. ஒரு முனை இடம் மாறினால் மற்ற இரண்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அளவு பார்க்காமல் வாங்கிய ரோடு பைக் ஒருவரைப் படுத்தும் பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படுத்தும்போது இரண்டு வழிகள் கண்முன் நிற்கின்றன. ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம், சீட் பில்லர், ஹேண்டில் என்று ஆளுக்குத் தக்க உதிரிகளை மாற்றிப் பார்ப்பது ஒன்று. சைக்கிளையே மாற்றுவது இன்னொன்று. பெரும்பாலோர் முதலில் சின்னச் சின்ன உதிரிகளாக வாங்கி, ஓராண்டு வலியோடு ஓட்டி, கடைசியில் சைக்கிளையும் மாற்றுகிறார்கள். சிலர் ஒரு ஸ்டெம்மில் முடிந்திருக்கக்கூடிய விஷயத்துக்குப் புது சைக்கிள் வாங்கிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லாத நட்டம். எந்தச் சைக்கிளைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பதை ஓர் அளவுநாடாவும் கொஞ்சம் பள்ளிக்கூட வடிவியலும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே சொல்லிவிட முடியும்.

சீட்டிலிருந்து தொடங்குவோம். எல்லோரும் கவலைப்படுவது சீட் உயரத்தைப் பற்றித்தான். உண்மையில் எளிதில் சரிசெய்யக்கூடியதும் அதுதான். 1967-இல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையுள்ள தூரம் உள்கால் நீளத்தில் 109 சதவீதமாக இருந்தால் நன்று என்று கண்டார்கள். வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளப்பது உள்கால். 1980களில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டும் அவருடைய பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரும் வேறொரு கணக்கைப் பரப்பினார்கள். உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, அதாவது மெக்கானிக்குகள் பி.பி. என்று சொல்லும் இடத்திலிருந்து, சீட்டின் மேற்பரப்பு வரையுள்ள தூரம் கிடைக்கும்.

உள்கால் 80 செ.மீ. உள்ள ஒருவருக்கு லெமாண்ட் கணக்கு 70.6 செ.மீ. தருகிறது. 109 சதவீதக் கணக்கு பெடல் வரை 87.2 செ.மீ.; அதில் 17.25 செ.மீ. கிராங்க் நீளத்தைக் கழித்தால் சுமார் 70. வித்தியாசம் ஒரு செ.மீ.கூட இல்லை. உள்கால் 74 செ.மீ. உள்ளவருக்கு அதே கிராங்கில் ஒரு கணக்கு 65.3 என்கிறது, மற்றது 63.4 என்கிறது. கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. வேறுபாடு! கிராங்கின் நீளம் ஆளுக்கு ஏற்பச் சுருங்குவதில்லை. லெமாண்ட் கணக்கு அதைப் பார்ப்பதேயில்லை. அதனால் கால் குட்டையாகக் குட்டையாக இரண்டு சூத்திரங்களும் விலகிப் போகின்றன. சூத்திரத்தை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டு, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டுப் புகைப்படத்தில் பார்ப்பதே நம்பகமான வழி. முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கக்கூடும். பின்புறம் வலித்தால், அல்லது இடுப்பு இடமும் வலமும் ஆடினால், உயர்ந்திருக்கக்கூடும்.

இந்தத் திருத்தத்துக்குச் செலவு ஓர் ஆலன் கீ. ஃபிரேம் கொஞ்சம் பெரிதோ சிறிதோ, சீட் பில்லர் மேலும் கீழும் போகும். பில்லரில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது, அது மட்டும் கட்டாயம். சீட்டை உயர்த்தும்போது அது பின்னாலும் போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சீட் குழாய் தரையோடு ஏறத்தாழ 73 பாகையில் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு 10 மி.மீ. உயர்வுக்கும் சீட் 3 மி.மீ. பின்வாங்கும்.

சீட் இடத்தில் அமர்ந்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது. கை எங்கே போய்ச் சேர வேண்டும்?

1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமர் நகரத்து ஓடுபாதையில் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரி ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி, இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர் 1984-இல் வைத்திருந்த உலகச் சாதனையை முறியடித்தார். அவர் ஓட்டியது தன் கையால் செய்த சைக்கிள்; சலவை இயந்திரத்தின் பேரிங் ஒன்றும் அதில் இருந்தது என்பதால் அது புகழ்பெற்றது. என்னை ஈர்ப்பது அவர் வேலை செய்த வரிசை. பனிச்சறுக்கு வீரரைப் போலக் கைகளை மடக்கி மார்புக்கு அடியில் வைத்துக்கொண்டால் காற்றின் தடை குறையும் என்று அவர் முதலில் தன் உடம்பைத் தீர்மானித்தார். பிறகு அந்தக் கை இருக்கும் இடத்தில் ஹேண்டில் வருமாறு இரும்பை வளைத்தார். முழங்கால் இடிக்கும் என்பதால் மேல் பாரையே எடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு சர்வதேசச் சைக்கிள் சங்கம் அந்த நிலையைத் தடைசெய்தது. ஆனாலும் உடம்பு முதலில், இரும்பு பிறகு என்ற அந்த வரிசையை யாராலும் தடைசெய்ய முடியாது. நமக்கும் அதே வரிசைதான்.

கை சேரும் இடத்தை இரண்டு எண்களால் சொல்லிவிடலாம். பி.பி. நடுப்புள்ளியிலிருந்து ஹேண்டிலின் நடுப்பகுதி எவ்வளவு முன்னால் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஃபிரேமுக்கும் இதே மாதிரி இரண்டு எண்கள் உண்டு. பி.பி.யிலிருந்து முன்குழாயின் உச்சி வரையுள்ள உயரம் ஸ்டாக். முன்னால் உள்ள தூரம் ரீச். 52, 54, 56 என்று ஃபிரேமில் ஒட்டியிருக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஒரு காலத்தில் அது சீட் குழாயின் நீளம். இப்போது அநேகமாக ஒரு பெயர். ஸ்டாக்கும் ரீச்சும் மட்டுமே ஏமாற்றாத அளவுகள்.

ஃபிரேமின் முனைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இருப்பது ஸ்டெம்மும் அதன் கீழே அடுக்கும் ஸ்பேசர் வளையங்களும். ரோடு பைக்கில் இயல்பாக வரும் ஸ்டெம் 80 மி.மீ. முதல் 120 மி.மீ. வரை. ஸ்பேசர் பெரும்பாலும் 30 மி.மீ. வரை, கார்பன் குழாய் என்றால் தயாரிப்பாளர் சொன்ன எல்லையை மீறவே கூடாது. ஆறு பாகை சாய்வுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் ஹேண்டில் 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. உடம்பை நோக்கி வரும். இவற்றையெல்லாம் கூட்டினால், ஒரு ஃபிரேம் தன் ஹேண்டிலை நிறுத்தக்கூடிய இடங்கள் ஏறத்தாழ 4 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஒரு சாய்ந்த சாளரம் போல அமைகின்றன. முன்குழாயும் சாய்ந்திருப்பதால் சாளரமும் பின்பக்கம் சாய்ந்தது. மேலே போகப் போக ஒவ்வொரு செ.மீ.க்கும் 3 மி.மீ. அருகில் வருகிறது.

உங்கள் கை சேர வேண்டிய இடம் அந்தச் சாளரத்துக்குள் விழுந்தால் சைக்கிளைத் திருத்தலாம். வெளியே விழுந்தால் மாற்ற வேண்டும். இவ்வளவு நேரடியான விடை இருக்கும்போது, ஆளாளுக்குச் சொல்லும் யோசனைகளைக் கேட்டு அலைவது வீண்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அண்ணனையும் தங்கையையும் வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரே ரோடு பைக். யாரோ விற்றதை வாங்கியது. 56 அளவு, ஸ்டாக் 565, ரீச் 390. அதில் 110 மி.மீ. ஸ்டெம்மும் 10 மி.மீ. ஸ்பேசரும் இருக்கின்றன. கணக்குப் போட்டால் ஹேண்டில் பி.பி.யிலிருந்து 486 மி.மீ. முன்னாலும் 624 மி.மீ. உயரத்திலும் இருக்கிறது. அண்ணன் 172 செ.மீ. உயரம். இன்னொரு சைக்கிளில் வலியில்லாமல் ஓட்டியபோது அவர் கை 465 முன்னால், 620 உயரத்தில் இருந்தது. அவருக்கு இந்தச் சைக்கிளில் தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை. ஹேண்டில் 2 செ.மீ. தள்ளி நிற்கிறது. 110-ஐக் கழற்றிவிட்டு 90 மி.மீ. ஸ்டெம் மாட்டினால் ஹேண்டில் 466-க்கும் 620-க்கும் வந்துவிடுகிறது. அரை மணி நேர வேலை. விற்கத் தேவையே இல்லை.

தங்கை 160 செ.மீ. அவருக்கு ஏற்ற இடம் 430 முன்னால், 570 உயரம். இந்த ஃபிரேமில் எல்லா ஸ்பேசரையும் எடுத்துவிட்டு 80 மி.மீ. ஸ்டெம் போட்டாலும் ஹேண்டில் 460-இல், 609 உயரத்தில் நிற்கும். 3 செ.மீ. தள்ளி, கிட்டத்தட்ட 4 செ.மீ. மேலே. முன்குழாயின் உச்சிக்குக் கீழே ஹேண்டிலைக் கொண்டுபோக ஃபிரேமில் வழியே இல்லை. குறுகிய வளைவுள்ள காம்பாக்ட் ஹேண்டில் ஒன்றரை செ.மீ. மிச்சம் பிடித்துத் தரலாம். அதற்குமேல் அதனாலும் முடியாது. அண்ணனைக் காப்பாற்றிய அதே ஸ்டெம் கடையில் தங்கைக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவருக்குச் சிறிய ஃபிரேம் வேண்டும். இதைச் சொல்லத் தயங்குவது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

இந்த இடத்தில் பலர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. சீட்டை முன்னால் தள்ளினால் ஹேண்டில் கிட்டே வந்துவிடுமே? வரும். சீட்டுக்கு அடியிலுள்ள கம்பித் தண்டவாளத்தில் அது 3 செ.மீ. நகரவும் இடம் இருக்கும். என்னைக் கேட்டால், பொருந்தாத சைக்கிளுக்குச் செய்யப்படும் தவறான வைத்தியங்களில் இதுவே மிக மோசமானது. கை எட்டவில்லை என்பதற்காகக் காலின் இடத்தைக் கலைக்கிறது அது.

கடையில் சீட்டை நிறுத்த ஒரு பழைய வழக்கம் உண்டு. பெடல் முன்பக்கம் கிடைமட்டமாக இருக்கும்போது முழங்காலிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பார்கள். அமெரிக்கச் சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் இந்த வழக்கத்தை நேரடியாகவே மறுத்து எழுதினார். அந்தக் கோட்டுக்கு உடலியக்க அடிப்படை ஒன்றும் இல்லை, உடம்பின் எடைமையம் பெடலைப் பொறுத்து எங்கே இருக்கிறது என்பதே முக்கியம் என்பது அவர் வாதம். யோசித்தால் அது சரி. நாம் மிதிக்கும்போது பெடல் நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் முன்னால் சாய்ந்த முதுகை ஓரளவு தாங்குகிறது. வேகமாக மிதிக்கும்போது கை இலேசாவதும், மிதிப்பதை நிறுத்தி உருளும்போது உள்ளங்கையில் பாரம் ஏறுவதும் அதனால்தான். சீட்டை முன்னால் தள்ளினால் எடைமையமும் பெடலைத் தாண்டி முன்னால் போகிறது. மிச்சமுள்ள எடையைக் கைதான் தாங்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். மணிக்கட்டு வழியாகப் போகும் உல்நார் நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது. ஹேண்டில் அருகில் வந்திருக்கும், கைவலி கூடியிருக்கும். ஓட்டுகிறவர் குழம்பிப்போவார்.

வீட்டில் சைக்கிளை நிறுத்திவைத்து ஓட்டும் டிரெய்னர் இருந்தால் இதைச் சோதிப்பது எளிது. வழக்கமான வேகத்தில் மிதித்துக்கொண்டே, முதுகின் சாய்வை மாற்றாமல், இரண்டு கைகளையும் ஹேண்டிலிலிருந்து ஒரு விரல் உயரம் எடுத்துப் பார்க்கலாம். உடம்பு முன்னால் சரியாமல் சில நொடி நின்றால் சீட் ஏறக்குறைய சரியான இடத்தில் இருக்கிறது. முகம் ஹேண்டிலை நோக்கிச் சரிந்தால் சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டும், அதனால் ஹேண்டில் இன்னும் எட்டாமல் போனாலும் சரி. எட்டாத தூரத்தை ஸ்டெம் தீர்க்கட்டும்; ஸ்டெம்மால் முடியாவிட்டால் ஃபிரேம் தீர்க்கட்டும்.

ஸ்டெம்மைக் குறைத்தால் சைக்கிள் தத்தளிக்கும் என்று எச்சரிப்பவர்களும் உண்டு. இந்தப் பயம் அளவுக்கு மீறியது. ஒரு சைக்கிள் தானாக நேர்ப்படும் தன்மையில் டிரெயில் என்ற அளவுக்குப் பங்கு உண்டு. முன்குழாயின் அச்சைத் தரை வரை நீட்டினால் அது விழும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம் அது. 340 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், 73 பாகை முன்குழாய், 45 மி.மீ. முன்வளைவுள்ள ஃபோர்க் என்றால் டிரெயில் 57 மி.மீ. ஸ்டெம்மின் நீளம் இந்தக் கணக்கில் வரவே வராது. (டிரெயில் மட்டுமே சைக்கிளை நிமிர்த்தி வைக்கிறது என்பதும் முழு உண்மையல்ல, டிரெயிலும் சக்கரச் சுழற்சி விளைவும் இல்லாமலேயே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சோதனைச் சைக்கிளை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-இல் சயின்ஸ் இதழில் காட்டின. அந்தக் கதை தனியே சொல்லத்தக்கது.)

மாறுவது கையின் நெம்பு நீளம். ஹேண்டிலின் அகலம் 400 மி.மீ., ஸ்டெம் 100 மி.மீ., பிரேக் லீவரின் ரப்பர் உறை அதற்கும் 120 மி.மீ. முன்னால் என்று வைத்தால், திருப்பும் அச்சிலிருந்து கை சுமார் 297 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஸ்டெம்மை 80 ஆக்கினால் அது 283. ஐந்து சதவீதமே குறைகிறது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். 120-லிருந்து 60-க்குக் குதித்தால் 14 சதவீதம். அதோடு முன்சக்கரத்தின் மேலுள்ள எடையும் குறைந்து, வளைவுகளில் முன்சக்கரம் பிடிப்பு இழந்தது போலத் தோன்றத் தொடங்கும். 80-க்குக் கீழே போக வேண்டிய தேவை வந்தாலே ஃபிரேம் தன் எல்லையைச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஃபிரேம் பெரிதாக இருப்பதும் சிறிதாக இருப்பதும் ஒரே மாதிரித் தொல்லை இல்லை. சிறிய ஃபிரேமில் சீட் பில்லரை உயர்த்தலாம், ஸ்டெம்மை நீட்டலாம், தலைகீழாக மாட்டலாம். ஒரு படி வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் சீட் உயர உயர ஹேண்டில் அதற்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும். முதுகு வளையாதவருக்கு அது ஒத்துவராது. பெரிய ஃபிரேமில் அந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. முன்குழாயின் உச்சிதான் அதன் தரை; தங்கைக்கு நேர்ந்தது அதுதான். கடையில் இரண்டு அளவுகளுக்கு நடுவே தவிக்கிறவரிடம் சிறியதை எடுக்கச் சொல்வேன், அவர் குனிந்து விரலால் தரையைத் தொடக்கூடியவர் என்றால். தொட முடியாதவர் ஸ்டாக் அதிகமுள்ள வேறு மாடலைத் தேட வேண்டும்.

சிறிய ஃபிரேம்களின் கதையில் ஒரு பழைய மறைப்பு இருக்கிறது. குட்டையானவர்கள் வாங்கும்போது இதைத் தெரிந்திருக்க வேண்டும். ரோடு பைக் சக்கரத்தின் ரிம் அளவு 622 மி.மீ.; உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் அதே சக்கரம். ஃபிரேமைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முன்சக்கரம் காலில் இடிக்கும். கிராங்க் 170, ஷூவின் நுனி இன்னும் 100, சக்கரத்தின் ஆரம் 340, கூட்டினால் 610. சிறிய ஃபிரேம்களில் பி.பி.யிலிருந்து முன் அச்சு வரையுள்ள தூரம் 580-க்கும் குறைவாக வருவதுண்டு. ஹேண்டிலை நன்றாகத் திருப்பினால் ஷூ நுனி டயரில் உரசும். இதைத் தவிர்க்கத் தயாரிப்பாளர்கள் முன்பகுதியை நீட்டமாகவே வைத்துவிட்டு, சீட் குழாயை நிமிர்த்தினார்கள். குழாய் நிமிர்ந்தால் மேல் பாரின் நீளம் அட்டவணையில் குறைந்து தெரியும். ஆனால் ஒரு பாகை நிமிர்த்தினால் 70 செ.மீ. உயரத்தில் சீட் 12 மி.மீ. முன்னால் வருகிறது, ஓட்டுகிறவர் தன் காலுக்காக அதை மீண்டும் பின்னால் தள்ளுவார். ஆக, மேல் பார் ஒரு செ.மீ. குட்டை என்று விளம்பரத்தில் இருந்த சைக்கிள் கைக்கு அதே தூரத்தில்தான் இருக்கிறது. ரீச்சைப் பார்த்திருந்தால் இது முதலிலேயே தெரிந்திருக்கும்.

இந்த முடிச்சை நேரடியாக அவிழ்த்தவர் ஜார்ஜினா டெர்ரி. இயந்திரப் பொறியாளரான அவர் பெண்களுக்கான ஃபிரேம்களைத் தானே செய்யத் தொடங்கி, 1985-இல் சொந்த நிறுவனம் ஏற்படுத்தினார். அவருடைய சிறிய சைக்கிள்களில் பின்சக்கரம் வழக்கமான அளவு, முன்சக்கரம் மட்டும் 24 இஞ்ச். பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் முன்சக்கரம் சிறிதானதும் முன்குழாயைக் கீழே இறக்கவும் கிட்டே கொண்டுவரவும் இடம் கிடைத்துவிட்டது. உடம்பைச் சக்கரத்துக்கு ஏற்ப ஒடுக்காமல் சக்கரத்தை உடம்புக்கு ஏற்ப மாற்றிய அந்தத் துணிச்சல் போதுமான அளவு பாராட்டப்படவில்லை என்பது என் எண்ணம். 155 செ.மீ.க்குக் குறைவான எத்தனையோ பேர் இன்றைக்கும் தங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற கார்பன் சைக்கிளை வடிவமைத்த ஆங்கிலேயர் மைக் பரோஸ், பின்னர் தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்காக டி.சி.ஆர். என்ற ரோடு பைக்கை உருவாக்கினார். மேல் பாரைப் பின்பக்கம் சரித்து, சீட் பில்லரை நீளமாக்கி, சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்றே அளவுகளில் எல்லோரையும் அடக்கிவிடலாம் என்பது திட்டம். மீதியை ஸ்டெம் பார்த்துக்கொள்ளும். 1990களின் கடைசியில் ஸ்பெயினின் ஓன்சே அணி அதில் ஓடியது. சரிந்த மேல் பார் உலகமெங்கும் பரவிவிட்டது. மூன்று அளவுகள் என்பது நிலைக்கவில்லை, அதே டி.சி.ஆர். இன்று ஆறு அளவுகளில் வருகிறது. திருத்துவதற்கு எல்லை இருக்கிறது என்பதை ஒரு பெரிய நிறுவனத்தின் அளவுப் பட்டியலே காட்டுகிறது.

சாளரக் கணக்கு தீர்க்காத ஒரு நிலையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது வீணாகப் பணத்தைக் கொட்டிவிடுவார்கள். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1969-இல் தன் முதல் டூர் டி ஃபிரான்ஸை வென்ற சில வாரங்களில், செப்டம்பர் 9 அன்று, பிரான்சின் புளுவா நகர ஓடுபாதையில் மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஓட்டும் பந்தயத்தில் விழுந்தார். அவருக்கு முன்னால் வண்டி ஓட்டிய ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் அங்கேயே இறந்துபோனார். மெர்க்ஸின் இடுப்பு எலும்பு இடம்பெயர்ந்தது. அதன் பிறகும் நான்கு முறை டூரை வென்றார். ஆனால் சைக்கிளில் வலியில்லாமல் உட்காரும் நிலை அவருக்குத் திரும்பவில்லை. பந்தயத்தின் நடுவிலேயே சாவியை எடுத்துச் சீட்டை ஏற்றுவார், இறக்குவார். கொல்னாகோ, டி ரோசா போன்ற இத்தாலியின் தலைசிறந்த கைவினைஞர்கள் அவருக்காக ஃபிரேம் செய்துகொண்டே இருந்தார்கள். உலகில் யாருக்கும் கிடைக்காத அளவு சைக்கிள்கள் அவருக்குக் கிடைத்தன. கோணலாகியிருந்தது இடுப்பு. அதை எந்த ஃபிரேமாலும் நேராக்க முடியவில்லை.

வலி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், எந்தச் சைக்கிளில் ஏறினாலும் அதே இடத்தில் வந்தால், சைக்கிளை விட்டுவிட்டு முதலில் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்க்க வேண்டும். புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கும் சற்றுப் பொறுமை தேவை. தொடையின் பின்தசையும் முதுகின் கீழ்த்தசையும் முன்சாய்வுக்குப் பழகச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கழுத்து வலிக்கிறது என்று ஸ்பேசரை அடுக்கிக்கொண்டே போனால், தசை பழகிய பிறகு எல்லாவற்றையும் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதுவும் 5 மி.மீ. அளவில்.

கிராங்கைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஃபிரேம்களில் 172.5 அல்லது 175 மி.மீ. கிராங்க் வரும். குட்டையானவருக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலை வயிறு வரை தூக்கும். நீளமான கிராங்க்தான் சக்தி தரும் என்ற பழைய நம்பிக்கையை 2001-இல் மார்ட்டின், ஸ்பிர்டுசோ என்ற ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்கள். உச்ச சக்தியில் வேறுபாடு சுமார் 4 சதவீதம் மட்டுமே. 165-க்கு இறங்குவதால் யாரும் பலவீனமாகிவிட மாட்டார்கள்.

திருத்தலின் செலவு இப்போது மாறிக்கொண்டு வருகிறது. பழைய ஸ்டீல் சைக்கிளில், போல்ட்டைத் தளர்த்தி, மேலே ஒரு தட்டுத் தட்டினால் ஸ்டெம் முழுவதும் ஏறும், இறங்கும். பின்னர் வந்த ஸ்பேசர் முறையில் உயரத்தை மாற்றக் கழற்றி அடுக்க வேண்டியிருந்தாலும் வேலை எளிதே. இன்றைய விலை உயர்ந்த ரோடு பைக்குகளில் பிரேக் குழாய்கள் ஸ்டெம்முக்கும் முன்குழாய்க்கும் உள்ளேயே ஓடுகின்றன. ஹேண்டிலும் ஸ்டெம்மும் ஒரே கார்பன் துண்டாக வருவதும் உண்டு. அதில் 2 செ.மீ. குறைக்க வேண்டுமென்றால் முழுத் துண்டையும் மாற்ற வேண்டும்; சில அமைப்புகளில் பிரேக் குழாயைத் துண்டித்து, எண்ணெய் மாற்றி, காற்று நீக்கி மறுபடி கட்ட வேண்டும். ஃபிரேமின் சாளரம் காகிதத்தில் அதே அளவுதான், திறப்பதற்கான விலை பல மடங்கு. அப்படிப்பட்ட சைக்கிளை அளவு தெரியாமல் வாங்குவது, ஒரு ஸ்டெம்மோடு முடிய வேண்டியதை ஒரு சைக்கிளின் செலவாக்கிவிடும்.

எனவே கடைக்குப் போவதற்கு முன் அளந்துகொள்ள வேண்டும். இப்போதுள்ள சைக்கிளைச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்துங்கள். இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஹேண்டிலின் நடுவிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் பி.பி. நடுவுக்கும் உள்ள கிடைமட்டத் தூரத்தை அளந்தால் முதல் எண். தரையிலிருந்து ஹேண்டில் நடுவின் உயரத்தில் தரையிலிருந்து பி.பி.யின் உயரத்தைக் கழித்தால் இரண்டாவது எண். வலியில்லாமல் ஓட்ட முடிந்த நண்பரின் சைக்கிளிலும் இதையே அளந்துகொண்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். இரவல் ஸ்டெம் ஒன்றைப் போட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. வித்தியாசம் 2 செ.மீ.க்குள் இருந்தால் ஸ்டெம் வாங்குங்கள். 3 செ.மீ.யைத் தாண்டினால், அதுவும் உயரத்திலும் தூரத்திலும் சேர்ந்தே தாண்டினால், அந்த ஃபிரேமின் மேல் இனி ஒரு ரூபாயும் போட வேண்டாம். அது பொருந்தும் வேறொருவருக்கு விற்றுவிடுங்கள். விற்கும்போது ஸ்டாக்கையும் ரீச்சையும் எழுதி ஒட்டிக் கொடுத்தால் வாங்குகிறவர் உங்களைப் போல அளக்காமல் வாங்கி அவதிப்பட வேண்டியதில்லை.